வாசல் தோரணத்துக்குத் தென்னங்குருத்து வெட்டலாமா?

களியக்காவிளைப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் அதைத் தெருவில் போகிறவர்களுக்கு முதலில் சொல்வது வாசல்தான். நடையின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழை நிற்கும். நிலைக்கு மேலே மாவிலை தொங்கும். பந்தல் கால்களிலும் வளைவிலும் வெளிர்மஞ்சள் நிறத் தென்னங்குருத்துத் தோரணம் காற்றில் ஆடும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குருத்து எந்த மரத்திலிருந்து வந்தது, அந்த மரம் இப்போது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மரத்துக்குச் சொந்தக்காரராவது கேட்க வேண்டும் அல்லவா?

வாசலை அலங்கரிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டு வாசல் மங்களமாக இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கம். அந்த மங்களத்துக்காக விளையில் நிற்கும் மரம் வீணாகக் கூடாது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

வாசலுக்கு வேண்டியது விளையில்

களியக்காவிளை என்ற ஊர்ப் பெயரிலேயே விளை இருக்கிறது. இது தமிழ்நாட்டின் எல்லை ஊர். 1956 நவம்பர் 1-ந் தேதி வரை விளவங்கோடு தாலுகா முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் இருந்தது. அதனால் இந்தப் பக்கத்து வாசல்களில் இரண்டு நாட்டு வழக்கங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

தை மாதம் பொங்கலுக்கு மாவிலையும் கரும்பும் வரும். பங்குனி வாக்கில் குருத்தோலை ஞாயிறு வரும். அன்று தேவாலயத்திலிருந்து கொண்டு வந்த குருத்தோலையைச் சிலுவையாக மடித்துக் கதவில் வைப்பவர்கள் பலர். ஆடியில் நிறைபுத்தரிசி நடக்கும். கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயில் உள்ளிட்ட இம்மாவட்டக் கோயில்களில் புதுக் கதிரைப் பூசை செய்து கொடுப்பார்கள். அதை வாசலில் கட்டித் தொங்க விடுவது வழக்கம். ஆவணியில் ஓணம் வந்தால் முற்றத்தில் அத்தப்பூக்கோலம். மார்கழியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். இடையிடையே கல்யாணங்கள், கோயில் கொடைகள், தேவாலயத் திருவிழாக்கள்.

இவற்றில் நட்சத்திரம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் விவசாயியின் நிலத்திலிருந்துதான் வர வேண்டும். குருத்து, வாழை, மாவிலை, கதிர், பூ ஆகிய ஐந்தும் நம் சரக்கு. இவற்றில் நான்கை எடுத்தால் செடிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. குருத்து மட்டும் அப்படி அல்ல.

தென்னைக்கு ஒரே ஒரு முளை

மாமரத்தில் ஒரு கொப்பை ஒடித்தால் அந்த இடத்தில் இரண்டு கொப்பு துளிர்க்கும். வாழையை வெட்டினால் பக்கக்கன்று வளரும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. மரம் முழுவதற்கும் வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது கொண்டையின் நடுவே குருத்துக்கு அடியில் இருக்கிறது. அது அழுகினால் மரம் பட்டுப் போகும். பனையும் கமுகும் இதே ஜாதிதான்.

நல்ல நிலையில் உள்ள தென்னை ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலை விடும். அதாவது சுமார் மாதம் ஒரு ஓலை. ஒவ்வொரு ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை உண்டு. ஓலைதான் அந்தப் பாளைக்கு உணவு தயாரிக்கிறது. காய் பிடித்து பாரம் ஏறும்போது குலையைத் தாங்கிப் பிடிப்பதும் அதே ஓலை மட்டைதான். ஓலையைக் குருத்திலேயே வெட்டிவிட்டால் பின்னால் வரும் பாளைக்கு ஊட்டமும் இல்லை, தாங்கலும் இல்லை.

ஒரு குருத்தின் விலை என்ன?

கல்யாண முகூர்த்த மாதங்களில் பந்தல்காரர்களுக்காகக் குருத்து வெட்ட ஆள் வருவார்கள். "ஒரு குருத்துதானே அண்ணே, மரத்துக்கு என்ன வந்துவிடப் போவுது" என்பார்கள். அவர்கள் கையில் தரும் பணத்தை வாங்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆண்டுக்கு 80 காய் தரும் மரம் என்று வைத்துக் கொள்வோம். 12 குலைக்கு 80 காய் என்றால் ஒரு குலைக்குச் சுமார் 7 காய். ஆகவே ஒரு குருத்தை அடியோடு கொடுக்கும்போது 7 தேங்காய் வரை கொடுக்கிறீர்கள் என்று பொருள். குருத்துக்குக் கிடைக்கும் விலை 7 தேங்காயின் விலையை விடக் குறைவு என்றால் அந்த வியாபாரம் நஷ்டம்.

30 சென்ட் விளையில் 20 மரம் நிற்கிறது, மரத்துக்கு இரண்டு குருத்து வீதம் கொடுத்தீர்கள் என்றால் 40 குலை போச்சு. கணக்குப்படி 280 காய். இந்த நஷ்டம் உடனே தெரியாது. இன்று குருத்தாக இருக்கும் ஓலையின் கக்கத்தில் பாளை வெடிக்க ஓராண்டு வரை ஆகும். அந்தப் பாளை காயாகி முற்ற மேலும் 11, 12 மாதம் ஆகும். ஆக, ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துத்தான் காய் குறையும். அப்போது மழையையும் மண்ணையும் குறை சொல்வோமே தவிர, என்றோ கொடுத்த குருத்து நினைவுக்கு வராது.

காயம் வழியே வரும் எதிரிகள்

காய் குறைவதோடு போனால் பரவாயில்லை. மரமே போகும் அபாயமும் இருக்கிறது.

முதல் எதிரி சிவப்புக் கூன்வண்டு. தென்னையில் பசுங்காயம் பட்டால் அந்த வாசனைக்கு இவ்வண்டு தேடி வரும். தாய் வண்டு காயத்தில் முட்டையிடும். புழு மரத்துக்குள் துளைத்துச் சென்று உள்ளே இருக்கும் மெல்லிய பகுதியைத் தின்று தீர்க்கும். 5 முதல் 20 வயதுள்ள மரங்களை இது அதிகம் தாக்கும். துவாரம் வழியாகச் செந்நிறச் சாறு வடிதல், மென்ற நார் வெளியே தள்ளப்படுதல், காதை வைத்துக் கேட்டால் உள்ளே கரகரவென்று சத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். நடு ஓலைகள் வாடும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். அந்நேரம் பெரும்பாலும் காலம் கடந்து விடுகிறது.

இரண்டாவது குருத்தழுகல் நோய். இது ஒரு பூசணத்தால் வருவது. மழைக்காலத்தில், காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் பரவும். குருத்து வெளுத்து வாடும். பிடித்து இழுத்தால் நாற்றத்தோடு கையோடு வந்து விடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் ஒரு ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு ஈரம். இந்த மாதங்களில் குருத்தில் கத்தி வைப்பது நோய்க்கு வழி திறந்து விடுவதாகும்.

கூட்டத்துக்கு எவ்வளவு குருத்து தேவை?

உண்மையில் நாம் வெட்டும் குருத்தில் பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது. ஒரு தென்னை ஓலையில் 200 முதல் 250 இலைகள் வரை இருக்கும். 15 அடி நீளமுள்ள தோரணத்தில் அரை அடிக்கு ஒரு இலை வீதம் தொங்க விட்டால் 30 இலை போதும். ஒரு முழுக் குருத்து ஐந்து வீட்டு வாசலுக்குக் காணும். அடியை விட்டு மேல்பகுதியை மட்டும் வெட்டினாலும் மூன்று வீட்டுக்குக் குறையாது.

குருத்தோலை ஞாயிறன்று ஆளுக்கு ஒரு இலை என்று கொடுத்தால் 200 பேர் உள்ள சபைக்கு இரண்டு குருத்து தாராளம். வீட்டுக்கு ஒரு குருத்து என்று ஆளாளுக்கு வெட்டாமல், சபையார் கூடிப் பேசி இரண்டு மூன்று மரங்களை மட்டும் குறித்துக் கொள்ளலாம். தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு விசேஷம் வந்தாலும் இப்படிப் பகிர்ந்து கொள்ளலாம்.

எந்த மரத்தில் எடுக்கலாம்?

குருத்து கட்டாயம் வேண்டும் என்றால் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள்.

முதலில், வெட்டி அப்புறப்படுத்த வேண்டிய மரம். வயதாகிக் காய்ப்பு ஓய்ந்தது, காற்றில் சாய்ந்தது, வீடு கட்டும் இடத்தில் நிற்பது என்று ஊரில் ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு மரத்தை வீழ்த்தினால் வெளியே தெரியும் குருத்து மட்டுமல்ல, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் வெள்ளைக் குருத்துகளும் கிடைக்கும். மரம் வெட்டும் நாளை விசேஷ நாளுக்கு ஒட்டி வைத்துக் கொண்டால் ஊருக்கே தோரணம் ஆகும். வெட்டிய தடியை மட்டும் விளையில் அழுக விடக் கூடாது. காண்டாமிருக வண்டும் கூன்வண்டும் அதில் பெருகும்.

இரண்டாவதாக, காய்ப்பு மிகக் குறைந்த மரம். நன்றாகக் காய்க்கும் மரத்தையும், இன்னும் காய்ப்புக்கு வராத இளம் மரத்தையும் தொடவே கூடாது. நோய் கண்ட மரத்தில் வெட்டிய கத்தியை நல்ல மரத்துக்குக் கொண்டு போகவும் கூடாது.

மூன்றாவதாக, குருத்தே இல்லாத அலங்காரம். தானாக விழப் போகும் அடி ஓலையை எடுத்துக் கீற்றாகப் பின்னி வளைவு கட்டலாம். வாசலின் இரு பக்கமும் நல்ல தென்னங்கன்று இரண்டை வைக்கலாம். கல்யாணம் முடிந்ததும் மணமக்கள் கையால் அவற்றை விளையில் நட்டு விடலாம். தோரணம் நான்கு நாளில் காய்ந்து போகும். கன்று காய்க்கும்.

வெட்டும் முறை

குருத்தைக் கையால் முறுக்கிப் பிடுங்குவது மிகவும் தவறு. அப்படிச் செய்தால் அடியில் உள்ள இளம் பகுதி கிழிந்து, காயம் வளரும் முனை வரை போகும். கூர்மையான, சுத்தமான கத்தியால் கொண்டையிலிருந்து கூடிய மட்டும் உயரத்தில் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். அடியில் விட்ட பகுதி பின்னால் வளர்ந்து விரியும். காண்டாமிருக வண்டு கத்தரித்த ஓலை விசிறி போல் விரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இதுவும் அரை ஓலையாக நின்று மரத்துக்கு உதவும்.

பச்சை மட்டைகளை எந்தக் காரணத்துக்காக வெட்டினாலும் தண்டிலிருந்து 4 அடி, அதாவது 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது நல்லது. காயத்தில் நுழையும் புழு தண்டை எட்டாமல் இருப்பதற்காக நிபுணர்கள் சொல்லும் அளவு இது.

ஒரு மரத்தில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் குருத்து எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம்.

வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். மண்சட்டி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம்தான் உபயோகிக்க வேண்டும். இரும்பும் பித்தளையும் ஆகாது. பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான கத்தியை அதில் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். தயாரித்த அன்றே உபயோகித்து விட வேண்டும்.

மரத்தில் ஏறிய ஆளிடமே இன்னொரு வேலையும் வாங்கிக் கொள்ளலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள் ஓலைகள் மூன்றின் கக்கத்தில் போடச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் காண்டாமிருக வண்டு குறையும். அது துளைத்த ஓட்டை வழியாகத்தான் பல நேரம் கூன்வண்டும் நுழைகிறது.

கொலம்பியா நாட்டில் நடந்தது

குருத்து வெட்டுவதால் மரம் அழியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குத் தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டைச் சொல்லலாம். அங்கே மலைப்பகுதியில் மெழுகுப்பனை என்ற ஒரு பனை வளர்கிறது. உலகிலேயே மிக உயரமாக வளரும் பனை அதுதான். வளர்ச்சி மிக மெதுவு. குருத்தோலை ஞாயிறு தோறும் அதன் இளங்குருத்துகளை ஏராளமாக வெட்டினார்கள். காடழிப்பும் சேர்ந்து கொண்டதால் மரங்கள் குறைந்தன. அதில் கூடு கட்டும் மஞ்சள் காதுக் கிளி என்ற பறவை அற்றே போய்விட்டதோ என்று அஞ்சும் நிலை வந்தது. 1985-ல் அந்நாட்டு அரசு அந்தப் பனையைத் தேசிய மரமாகச் சட்டம் செய்தது. 1999-ல் அந்தக் கிளிகளின் சிறு கூட்டம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் பறவை ஆர்வலர்களும் திருச்சபையும் கைகோர்த்து, பவனிக்கு வேறு செடிகளின் இலைகளைப் பிடிக்குமாறு மக்களிடம் பிரசாரம் செய்தார்கள். மக்களும் ஏற்றுக் கொண்டார்கள். பக்தியும் குறையவில்லை, மரமும் தப்பியது.

நம் தென்னை அழியும் நிலையில் இல்லை. ஆனாலும் 20 மரம் வைத்திருக்கும் விவசாயிக்கு இரண்டு மரம் பட்டுப் போவது சிறிய விஷயம் அல்ல.

குலை வாழையில் வருமானம் உண்டு

குருத்தில் கிடைக்காத இலாபம் வாழையில் கிடைக்கும். வாசலில் கட்டும் குலை வாழையை மரத்தோடு விற்கும்போது குலையின் விலை, இலையின் விலை, வெட்டுக்கூலி மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். முக்கால் பங்கு முற்றிய குலையாக இருந்தால் விசேஷம் முடிந்த பிறகு வாங்கியவருக்குப் பழமும் ஆகும். பிஞ்சுக் குலை வீணாகத்தான் போகும்.

கிழங்கோடு தோண்டிக் கொடுக்க வேண்டாம். தரைமட்டத்தில் வெட்டிக் கொடுத்தால் பக்கக்கன்று மறுதாம்பாக வளரும். பந்தல் காலோடு சேர்த்துக் கட்டினால் மரம் நேராக நிற்கும்.

இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும் வாழை முடிக்கொத்து நோய் கண்டது. அதை விற்கவும் கூடாது, வெளியூரிலிருந்து வாங்கி வரவும் கூடாது. அசுவினி மூலம் நோய் பக்கத்து விளைக்குப் பரவும். விசேஷம் முடிந்தபின் வாழைத்தடியை அப்படியே குப்பையில் போட்டால் தண்டுத் துளைப்பான் கூன்வண்டு அதில் பெருகும். தடியை நெடுக்காகப் பிளந்து துண்டு போட்டுக் காய வைத்து உரக்குழியில் சேர்க்க வேண்டும்.

ஓணத்தைக் குறிவைத்து ஏத்தன் வாழை போடுகிறவர்கள் 10 மாதக் கணக்கில் புரட்டாசி, ஐப்பசியில் கன்று நட வேண்டும்.

கதிர், மாவிலை, பூ

வாசலில் தொங்கும் நெற்கதிருக்கு இப்போது நகரத்திலும் கிராக்கி இருக்கிறது. முழுவதும் முற்றி உதிரும் வரை காத்திராமல், மணி மஞ்சள் திரும்பும் பருவத்தில் நீளத் தாளோடு அறுத்து, நிழலில் உலர்த்திப் பின்னினால் மணி கொட்டாது. கன்னிப்பூ சாகுபடி செய்கிறவர்கள் பத்து கட்டுக் கதிரைத் தனியே எடுத்து வைத்துச் சந்தையில் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: விதை நெல் வைத்திருக்கும் அறையின் வாசலில் கதிர் கட்ட வேண்டாம். கதிரில் தங்கும் அந்துப்பூச்சி விதைக்குப் போய்விடும். முன்வாசலில் கட்டினால் சிட்டுக்குருவிக்காவது உதவும்.

மாவிலையைப் பூ வரும் கொப்பிலிருந்து ஒடிக்காதீர்கள். காய் எடுத்த பிறகு கவாத்து செய்ய வேண்டிய, உள்ளே நெருங்கி நிழலில் நிற்கும் கொப்புகளிலிருந்து கரும்புள்ளி இல்லாத முற்றிய இலையாகப் பறியுங்கள். தோரணமும் ஆயிற்று, கவாத்தும் ஆயிற்று.

பூவைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்குப் பெயரே உண்டு. தோவாளையில் தொடுக்கும் மாணிக்கமாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஓணக் காலத்தில் தோவாளைச் சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பூ போவதை எல்லோரும் அறிவர். எல்லையிலேயே இருக்கும் நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும்? ஆனியில் கேந்தி நாற்று நட்டால் 60 நாளில் பூக்கத் தொடங்கும். ஓணத்துக்குச் சரியாக வரும். அதை வாழைக்கு இடையில் நட்டால் வாழை வேரைத் தாக்கும் நூற்புழுவும் குறையும்.

விவசாயிகள் கவனத்துக்கு

அடுத்த முறை குருத்து கேட்டு ஆள் வரும்போது முகத்தை முறித்துக் கொள்ள வேண்டியதில்லை. காய்ப்பு ஓய்ந்த மரம் ஒன்றைக் காட்டுங்கள். அது இல்லை என்றால் குலை வாழையையும் கேந்திப் பூவையும் காட்டுங்கள். நன்றாகக் காய்க்கும் மரத்தைக் கேட்டால் 7 தேங்காய்க் கணக்கைச் சொல்லுங்கள். மரத்தில் நோய் அறிகுறி தெரிந்தால் உடனே அருகில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, தோட்டக்கலை அலுவலரையோ பார்த்து ஆலோசனை பெறுங்கள்.

வாசல் தோரணம் ஒரு நாள் மங்களம். நடைக்கு எதிரே பச்சைக் கொண்டையோடு காய்த்து நிற்கும் தென்னை வீட்டுக்கு ஆண்டு முழுவதும் மங்களம். ஒன்றுக்காக மற்றொன்றை இழக்காமல் பார்த்துக் கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.